குவைத்தில் டாங்கி வெட்டியவருக்காக நான் பேசியது

ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் முறையாகப் படித்துத் தேர்வு எழுதி வந்தவர்கள். நான் அப்படி வரவில்லை. டூட்டிங் பகுதியில் ஒரு சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒருநாள் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த நேர்ஸ் "நீங்கள் இதையே வேலையாகச் செய்யலாமே" என்று கேட்டதில் தொடங்கியது எல்லாம்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, நம் சனம் வலியைச் சொல்லும் விதம். பார்க்கிங் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா, "நாரிக்குள்ள ஒரு நாய் சுருண்டு படுத்திருக்குது பிள்ளை, நான் எழும்பேக்கதான் அதுவும் எழும்புது" என்றார். நான் நாயையும் சேர்த்தே ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் சிரித்தார். ஆனால் எழும்பும்போது மட்டும்தான் வலி என்பதை அந்த நாயை வைத்தே பிடித்துக்கொண்டார். "இடுப்பு வலி" என்று நான் சுருக்கியிருந்தால் அந்த விவரம் அங்கேயே செத்திருக்கும். ஆகவே ஒருவர் சொல்வதைச் சுருக்காதீர்கள், கூட்டாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். நோயாளி "எனக்கு" என்றால் நீங்களும் "எனக்கு" என்றே சொல்லுங்கள். ஒரே நாளில் கர்ப்பிணியாகவும் கிழவனாகவும் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கிற வேலை இது. பழகிவிடும்.

நான் சொல்ல வந்தது பழகாத ஒன்றைப் பற்றி.

காத்திருக்கும் இடத்தில் நோயாளிக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். எனக்கும் பட்டது. தமிழ் முகம் ஒன்றைக் கண்டதும் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்காமல் இருக்க நம்மால் ஏலுமா? நானோ வாய் சும்மா இராத ஆள். அப்படித்தான் சிவராசாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அது சிறுநீரக மாற்றுச் சிகிச்சைப் பிரிவு. அவருடைய பெயரைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

கோலியர்ஸ் வுட்டில் இருந்தார். ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. ஐம்பதைத் தாண்டிய வயது, உருண்டு திரண்ட தோள். மகள் ஆரணி ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. அந்தப் பிள்ளையின் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் பாதி நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்தாள். தாய்க்கு நீரிழிவு, நம் பேச்சில் சீனி வருத்தம், அதனால் கொடுக்க முடியாது. தகப்பனின் இரத்தம் பொருந்தியிருந்தது. அவருடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்து மகளுக்கு வைக்கலாமா என்று பார்க்கும் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. அன்று ஆரணி உள்ளே சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போயிருந்தாள். இவர் வெளியே, நான் பக்கத்தில்.

சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இந்த நாடு உக்ரைனுக்கு டாங்கிகளோடு சேர்த்து ஒரு வகைக் குண்டையும் அனுப்பப்போகிறது என்று செய்தி வந்திருந்த நேரம். அணு உலைக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் யுரேனியத்தில் செய்த குண்டு அது. கதிர்வீச்சு குறைவு, ஆனால் ஈயத்தைவிடப் பாரம். டாங்கியின் கனத்த உருக்கைத் துளைத்துக்கொண்டு போய், எரிந்து தூளாகிவிடும். அந்தத் தூளைப் பற்றித்தான் இரண்டு பேர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வாதம் செய்தார்கள். தேநீருக்குச் சீனி போதுமா போதாதா என்கிற குரலில்.

"அக்கா, டாங்கி எண்டுதானே சொல்லுறாங்கள்?" என்றார் சிவராசா.

"ஓம் தம்பி."

"என்னவாம்?"

யாராவது "என்னவாம்" என்று கேட்டால் என் வாய் தானாகத் திறந்துவிடும். பேருந்தில் ஓட்டுநர் சொல்வதைக்கூட முன் இருக்கைக் கிழவிக்கு மொழிபெயர்த்தவள் நான். தொலைக்காட்சியையும் மொழிபெயர்த்தேன்.

"இடப்பக்கம் இருக்கிறவர் முந்தி ஆமியில இருந்தவராம். அந்தத் தூளால பெரிய ஆபத்தில்லை, எரிஞ்ச டாங்கிக்குக் கிட்ட நிண்டு கனக்கச் சுவாசிச்சாத்தான் பயம் எண்டுறார். மற்றவர் ஒரு டொக்டர். ஈராக்கில பிள்ளையள் குறையோட பிறந்ததுக்கு அதுதான் காரணம் எண்டுறார். ஆமிக்காரர் அதுக்கு ஆதாரம் காணாது எண்டுறார்."

"சுவாசிச்சா அது எங்க போய் நிக்குமாம்?"

"நெஞ்சுக்க போகுமாம். பிறகு ரத்தத்தில கரைஞ்சு கிட்னிக்குப் போகுமாம்."

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, நான் குவைத்தில டாங்கி வெட்டினனான்."

"டாங்கியை வெட்டுறதுக்கு அதென்ன வாழைக்குலையே?" என்றேன். பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஈராக்கோடு நடந்த யுத்தம் முடிந்த பின் பாலைவனத்தில் எரிந்த டாங்கிகளும் லொறிகளும் மலையாகக் கிடந்தனவாம். ஒரு குத்தகைக்காரன் ஆட்களைப் பிடித்து, காஸ் வெட்டியால் அவற்றைத் துண்டு துண்டாக்கிப் பழைய இரும்புக்கு விற்றானாம். இவர் அப்போது இளந்தாரி. ஊரில் ஏஜென்சிக்காரன் கடை வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"முகத்துக்கு ஒண்டும் தரேல்லையே?"

"துவாயைக் கட்டுவம். வெக்கைக்கு அதையும் அவிட்டு எறிஞ்சுபோடுவம். உள்ளுக்க இறங்கினா கறுத்தத் தூள் கணுக்கால் மட்டும். மத்தியானம் கையைக் காற்சட்டையில துடைச்சுப்போட்டு குபூஸ் ரொட்டி தின்னுவம். பல்லுக்க நறநறக்கும். மண் எண்டு நினைச்சம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "இரும்பு எரியிற மணம் எனக்குத் தெரியும் அக்கா. அது அந்த மணம் இல்லை. வாயில காசை வச்சுச் சூப்பின மாதிரி ஒரு ருசி. பின்னேரம் வரைக்கும் போகாது."

என் வாய்க்குள் அந்த ருசி வந்தது. பொய் சொல்லவில்லை. திரையில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூளைத் தின்ற மனிதன் எனக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் இருந்தான்.

"இதை இங்க சொன்னனீங்களோ?"

"இல்லை. போனமுறை நேர்ஸ் கேட்டவ, ஈயம், ரசாயனம் அப்பிடி ஏதும் வேலை செய்தனீங்களோ எண்டு. இல்லையெண்டு போட்டன். ஓம் எண்டா என்ர கிட்னியை வேண்டாமெண்டிடுவினம். பிறகு என்ர பிள்ளைக்கு ஆர் குடுக்கிறது? நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. நீங்கள் எங்கட ஆள்தானே."

நீங்கள் எங்கட ஆள்தானே. பிள்ளைகளே, இந்த வேலையில் இதைவிடப் பயங்கரமான வசனம் ஒன்றை நான் கேட்டதில்லை. நோயாளியின் இரகசியத்தை வெளியே விடக்கூடாது என்று கையொப்பமிட்டவள் நான். அதே நேரம் அந்தச் சிறுநீரகம் போய்ச் சேரப்போவது இன்னொரு உடம்புக்கு. இரண்டும் என் தலையில் ஒன்றோடொன்று மோதின. கதவுக்குப் பின்னால் ஆரணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நேர்ஸோடு ஏதோ பேசிக்கொண்டு வருகிறாள்.

"தம்பி, கேட்டதைக் கேக்காத மாதிரி என்னால இருக்க ஏலாது. நீங்களே சொல்லுங்கோ. உங்கட வாயால வந்தா அது உங்கட கதை. நான் சொன்னா அது கோள்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி, இவரிட்ட ஒரு விசயம் இருக்குது கேளுங்கோ எண்டு டொக்டரிட்ட சொல்லுவன். அதையும் உங்களுக்கு முன்னாலதான் சொல்லுவன்."

"நாலு வசனம் இங்கிலீசு தெரிஞ்ச உடன எல்லாரும் வெள்ளைக்காரர் ஆயிடுவியள்," என்றார். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

"அந்தக் கிட்னிக்குள்ளயே தூள் இருந்தா?" என்று கேட்டேன்.

"செக் பண்ணித்தானே எடுப்பினம்."

"எதைத் தேடுறதெண்டு தெரிஞ்சாத்தானே தம்பி தேடுவினம்."

ஆரணி முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்து, "என்ன அப்பா, ஆன்ட்டியோட சண்டையா?" என்று கேட்டாள். பெயர் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்த மருத்துவர் இளம் பெண். அன்பானவர். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சிவராசா ஒவ்வொன்றுக்கும் ஓம், இல்லை என்று பதில் சொன்னார். கடைசியில் மருத்துவர், "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். இதைச் சும்மா மரியாதைக்குக் கேட்பார்கள். யாரும் பதில் சொல்வதில்லை.

"குவைத்தில நான் டாங்கி வெட்டினனான்," என்றார் சிவராசா.

நான் ஆங்கிலத்தில், குவைத்தில் நான் டாங்கி வெட்டினேன் என்றேன். மருத்துவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். தூள், துவாய், ரொட்டி, வாயில் காசின் ருசி எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். ஆரணி தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில வேலை செய்தனான் எண்டுதானே எங்களுக்குச் சொன்னீங்க?"

"கடைதான். இரும்புக் கடை."

மருத்துவர், அந்த டாங்கிகள் எந்த வகைக் குண்டு பட்டு எரிந்தவை என்று தெரியுமா என்று கேட்டார்.

"எந்தக் குண்டெண்டு டாங்கியில எழுதியே கிடக்குது?" என்றார் சிவராசா. அதையும் அப்படியே சொன்னேன். மருத்துவர் மன்னிப்புக் கேட்டார்.

அதன் பிறகுதான் அது வந்தது. அவர் மருத்துவரைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"குவைத்தால வந்து கலியாணம் கட்டி, அடுத்த வருசம் பிறந்தவள் இவள். என்ர உடம்புக்குள்ளால அந்த நஞ்சை இவளுக்குக் குடுத்தது நான்தான். எனக்குக் கனகாலமாத் தெரியும். கூட வெட்டினவன் ஒருத்தன் போன் எடுத்து எல்லாம் சொன்னவன். என்ர பிள்ளையைக் கெடுத்தது நான். அதுக்கு ஒரு கிட்னியாவது குடுக்க விடுங்கோ."

என் வாய் திறக்கவில்லை.

மரணச் செய்திகளை மொழிபெயர்த்தவள் நான். பிறந்த குழந்தை இறந்துவிட்டது என்று தாய்க்கு என் வாயால் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு "என் மகளுக்கு நஞ்சைக் கொடுத்தது நான்" என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த மனிதர் சிறுநீரகம் கொடுக்க வந்த தகப்பன் இல்லை, தண்டனை கேட்டு வந்தவர் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அதிர்ச்சியில் சும்மா இருந்துவிட்டேன். மருத்துவர் என்னைப் பார்த்தார், காத்திருந்தார்.

அப்போது ஆரணி ஆங்கிலத்தில், மிகத் தெளிவாக, வகுப்பில் பாடம் சொல்லும் குரலில் சொன்னாள்: "என் நோய்க்குத் தானே காரணம் என்று அப்பா சொல்கிறார். எனக்கு நஞ்சு கொடுத்ததே தான்தான் என்கிறார்."

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அந்த வசனம் காணாமல் போகாது. அறையில் இருக்கும் இன்னொருவர் அதைத் தூக்க வேண்டி வரும். பெரும்பாலும் அதைத் தூக்கத் தெம்பில்லாதவர்தான் தூக்குவார். வருத்தக்காரப் பிள்ளை தன் வாயால் அதைச் சொல்லும்படி ஆயிற்று. சொல்லி முடித்ததும் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். இரத்தம் ஊறியிருந்தது. அவளுக்கு அழுத்திப் பிடிக்க மறந்துபோயிருந்தது.

மருத்துவர் எழுந்து போய்த் தன் மூத்த மருத்துவரை அழைத்து வந்தார். வெள்ளைத் தலை, நிதானமான பேச்சு. அவர் சொன்னார், இந்த உலோகத்தின் தூள் அதிகமாக உள்ளே போனால் முதலில் சிறுநீரகத்தைத்தான் தாக்கும், ஆனால் உடம்பில் குண்டுத் துண்டோடு வாழும் போர்வீரர்களிடம்கூடப் பெரிய பாதிப்பைக் காணவில்லை என்றுதான் தான் வாசித்திருப்பதாக. பிள்ளைகளுக்குப் போகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்.

இளம் மருத்துவர் மெல்லக் குறுக்கிட்டார். "நாம் வாசித்ததெல்லாம் போர்வீரர்களைப் பற்றி. டாங்கியை வெட்டியவர்களை யார் சோதித்தார்கள்?"

"சோதிக்காததால் ஆபத்து இருந்தது என்று ஆகிவிடாது."

"இல்லை என்றும் ஆகிவிடாது."

பண்பான இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் படித்துவிட்டு எதிரெதிராக நின்றார்கள். இரண்டு பேருக்கும் நான் தமிழில் வாயாக இருந்தேன். சிவராசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னிடம் குனிந்து, "படிச்ச ஆக்களுக்கே தெரியாதோ அக்கா?" என்று கேட்டார். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். யுத்தம் முடிந்து அந்தப் பிள்ளை பிறந்து வளர்ந்து ஆசிரியையும் ஆகிவிட்டாள். இன்னும் இந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் வைத்திருக்கவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அதற்குள் அடுத்த யுத்தத்துக்கு அதே குண்டு பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

அவருடைய சிறுநீரைத் தனியான ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் யுரேனியம் எல்லாருடைய உடம்பிலும் கொஞ்சம் இருக்குமாம். குண்டிலிருந்து வந்தது வேறு சாயலாகத் தெரியுமாம். முடிவு வர நாளெடுத்தது. அதுவரை ஆரணி இயந்திரத்தோடு கிடந்தாள். தகப்பனோடு அவள் அதிகம் பேசவில்லை என்று தாய் பிறகு எனக்குச் சொன்னார்.

முடிவு வந்த அன்றும் நான்தான் போனேன். இந்த முறை வெளியில் தள்ளி உட்கார்ந்தேன். சிவராசா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

"சாதாரண ஆளிடம் இருப்பதைத் தாண்டி ஒன்றும் இல்லை," என்றார் இளம் மருத்துவர். "உங்கள் சிறுநீரகங்கள் நன்றாக வேலை செய்கின்றன. இதைக் காரணம் காட்டி உங்களை நிறுத்த மாட்டோம்."

"அப்ப இவளுக்கு வந்தது என்னால இல்லையோ?"

மருத்துவர் யோசித்துச் சொன்னார். "உங்களால்தான் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. யுத்தத்தின் பக்கமே போகாதவர்களின் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருகிறது. ஆனால் உங்களால் இல்லவே இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது."

ஆரணி என் முழங்கையைத் தொட்டாள். இரகசியமாக, "ஆன்ட்டி, இல்லை எண்டு மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்," என்றாள்.

எவ்வளவு எளிது, பாருங்கள். ஒரு சொல். அந்த மனிதர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அந்த அறையில் யாரும் என்னைத் தடுத்திருக்கவும் மாட்டார்கள். நான் மருத்துவரிடம் திரும்பி, "நான் மொழிபெயர்ப்பாளராகப் பேசுகிறேன். 'இல்லை' என்று மட்டும் சொல்லும்படி மகள் என்னைக் கேட்கிறார். நான் நீங்கள் சொன்னதைத்தான் சொல்லப்போகிறேன்," என்றேன். பிறகு சிவராசாவிடம் இரண்டு பாதியையும் சொன்னேன். நஞ்சு என்று அவர் சொன்ன நாளில் வாயடைத்து நின்றவள், இதையாவது முழுதாகச் சொல்லாமல் விடுவேனா. ஆரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவராசா மட்டும், "சரி, ஒளிக்காமச் சொல்லுறியள்," என்றார்.

இந்த நாட்டில் உயிரோடு இருப்பவர் உறுப்பைக் கொடுப்பதென்றால் ஆஸ்பத்திரியோடு சம்பந்தப்படாத ஒருவர் வந்து கொடுப்பவரை விசாரிப்பார். யாராவது வற்புறுத்துகிறார்களா, மனமொத்துத்தான் கொடுக்கிறாரா என்று பார்ப்பார். அவர் சம்மதித்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது. எங்களுக்கு வந்தவர் மெலிந்த, வயதான மனிதர். குரல் கேட்காத அளவுக்கு மெல்லப் பேசுவார். குவைத், நஞ்சு என்று முன்பு மருத்துவர்களிடம் பேசியதெல்லாம் அவருக்கு எழுத்தில் போயிருந்தது.

தகப்பனையும் மகளையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுச் சேர்த்து உட்கார வைத்தார். ஆரணி முந்திக்கொண்டாள்.

"எனக்கு இந்தக் கிட்னி வேண்டாம்," என்றாள் ஆங்கிலத்தில். "அப்பா தண்டம் கட்டுகிற மாதிரித் தருகிறார். அதை உடம்புக்குள் வைத்துக்கொண்டு நான் எப்படி வாழ்வது? ஒவ்வொரு நாளும் அவர் என்னைப் பார்க்கும்போது அதைத்தான் பார்ப்பார்."

நான் தகப்பனுக்குத் தமிழில் சொன்னேன். சுருக்கவில்லை. தண்டம் என்ற சொல் அவர் முகத்தில் பட்டதைப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் உயிர் அந்த மேசையில் ஊசலாடியது.

விசாரிக்க வந்தவர் எதையும் எழுதவில்லை. சிவராசாவை நேராகப் பார்த்துக் கேட்டார். "நாளைக்கே ஒருவர் வந்து, உங்கள் மகளின் நோய்க்கும் குவைத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நிரூபித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் யாருக்கும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அப்போதும் கொடுப்பீர்களா?"

இப்படியும் ஒரு கேள்வி கேட்பார்களா என்று நான் திகைத்துப்போனேன். ஆனால் இந்த முறை வாய் அடைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் வைத்தேன்.

சிவராசா யோசித்தார். அவருக்கு அது புதிதாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. தான் குற்றமில்லாதவனாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அப்ப இன்னும் சந்தோசமாக் குடுப்பன்," என்றார்.

நான் சொன்னேன்: அப்போது நான் இன்னும் சந்தோஷமாகக் கொடுப்பேன். என் குரல் சரியாகத்தான் வந்தது. பிறகு தண்ணீர் கேட்டேன். ஆரணி தகப்பனின் புறங்கையில் ஓர் அடி போட்டாள், சின்னப் பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி. "இதை முதலே சொல்லுறதுக்கு என்னப்பா?" என்றாள். "ஆரும் கேக்கேல்லையே," என்றார் அவர். இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னபோதுதான் அந்த மெல்லிய மனிதர் எழுதத் தொடங்கினார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து, நினைவு நன்றாகத் திரும்பிய பிறகு எனக்கு அழைப்பு வந்தது. சிவராசா கட்டிலில் பாதி நிமிர்ந்து சாய்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணர் வந்து காயத்தைப் பார்த்தார். மகள் நன்றாக இருக்கிறாள் என்றார், வலி எப்படி என்றார், நடக்கத் தொடங்க வேண்டும் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த இடத்தில் எல்லா நோயாளிகளும் ஒன்றைத்தான் கேட்பார்கள், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று. அந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தை நாவில் தயாராகவே வைத்திருந்தேன்.

"எடுத்த கிட்னி என்ன நிறம் எண்டு கேளுங்கோ," என்றார் சிவராசா.

இத்தனை சோதனை, இத்தனை மருத்துவர்கள், முடிவு வந்து நாங்கள் வாயால் படித்துக் காட்டியது, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மனிதர் தனக்குள் ஒரு கறுப்புக் கட்டி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு மேசையில் படுத்திருக்கிறார். அதைத் தன் பிள்ளைக்குள் வைக்கக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார்.

கேட்டேன். நிபுணர் கேள்வி விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். விளங்கியிருக்க வேண்டும், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வெளியே எடுத்துக் கழுவும்போது எல்லாருடையதும் வெளிறித்தான் இருக்கும்," என்றார். "உங்கள் மகளுக்குள் வைத்து இரத்தத்தை விட்டதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. நல்ல நிறம். நாங்கள் தையல் போடும்போதே சிறுநீர் விடத் தொடங்கிவிட்டது."

"கறுப்பில்லையோ?"

"இல்லை."

"ஒரு புள்ளிகூட?"

"இல்லை. நான் கையில் வைத்துப் பார்த்தேன்."

சிவராசா கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். நிபுணர் எழுந்திருக்கப் போனார்.

"அக்கா," என்றார் கண்ணைத் திறக்காமல். "அந்த நிறத்தை இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ."

நான் நிபுணரிடம் கேட்டேன். அவர் திரும்ப உட்கார்ந்து, முன்னைவிட மெல்ல, இன்னொரு தடவை சொன்னார். நானும் சொன்னேன்.